சுவர் எழுந்தது, வழி எங்கே?

திருப்பூரில் வெள்ளத் தடுப்பு என்று பேச்செடுத்தால் பாதிப் பேர் சிரிப்பார்கள். ஆண்டுக்கு அறுபது, எழுபது சென்டிமீட்டர் பெய்தாலே நல்ல மழை என்று சொல்கிற ஊர் இது. லாரித் தண்ணீர் வாங்கிச் சாயம் போட்டு, லாரித் தண்ணீரிலேயே குளித்து வளர்ந்த தலைமுறை இங்கே உண்டு. புயல் என்றால் கடலூருக்கும் நாகப்பட்டினத்துக்கும் வருவது. நமக்கு வந்தால் இரண்டு நாள் தூறல், கரண்ட் போய்ப் போய் வரும், துணி காயாது, ஷிப்மென்ட் தள்ளிப்போகும். அதற்கு மேல் என்ன என்று கேட்பார்கள்.

அதற்கு மேல் என்ன என்பதை 2011 நவம்பர் தொடக்கத்தில் ஓர் இரவு காட்டியது. ஊருக்குள் ஓடும் ஜம்மனைப் பள்ளம், சங்கிலிப்பள்ளம் என்ற ஓடைகள் பெருகிக் கரையோர வீடுகளுக்குள் புகுந்தன. வீடுகள் இடிந்தன, ஆட்கள் அடித்துச் செல்லப்பட்டு இறந்தார்கள். அதே ஆண்டு ஜனவரி இறுதியில்தான், கழிவுநீரை ஒரு சொட்டுக்கூட வெளியே விடாத நிலையை எட்டாத சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டிருந்தது. வேலை போன வருஷத்திலேயே வீடும் போனது. பள்ளத்தோரம் குடியிருந்தவர்களில் பலர் பனியன் கம்பெனித் தொழிலாளர்கள் என்பதால் இரண்டு அடியும் ஒரே தலையில் விழுந்தன.

கடலிலிருந்து இவ்வளவு தூரத்தில் இருக்கும் ஊருக்குப் புயல் கணக்கு எதற்கு என்று கேட்பவர்கள் ஊத்தங்கரையைப் பார்க்கலாம். 2024 நவம்பர் 30 இரவு ஃபெங்கல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. கடந்த பிறகு காற்று அடங்கியது, மழை அடங்கவில்லை. கடலிலிருந்து நூறு கிலோமீட்டருக்கும் அப்பால், கிருஷ்ணகிரி மாவட்டத்து ஊத்தங்கரையில் ஒரே நாளில் சுமார் 50 செ.மீ. கொட்டியது. நிறுத்தி வைத்திருந்த வேன்களும் கார்களும் தண்ணீரில் இழுத்துச் செல்லப்பட்ட காட்சியை எல்லோரும் போனில் பார்த்தோம். புயலின் காற்று கரையோரத்துக்காரர்களின் கவலை. அதன் மழை எங்கே போய் இறங்கும் என்பதற்கு எல்லைக் கோடு கிடையாது. 2018-இல் வேதாரண்யம் அருகே கரையேறிய கஜா, திண்டுக்கல்வரை வந்து கேரளம் போனது.

ஒரு சதுர கிலோமீட்டர் நிலத்தில் 10 செ.மீ. மழை பெய்தால் விழுவது 10 கோடி லிட்டர் தண்ணீர். 12,000 லிட்டர் டேங்கரில் அளந்தால் எட்டாயிரத்து முந்நூறு லோடுக்கு மேல் வரும். இது ஒரே ஒரு சதுர கிலோமீட்டருக்கு. இதில் எவ்வளவு மண்ணுக்குள் போகும், எவ்வளவு மேலோடு ஓடும் என்பதில்தான் ஊரின் தலையெழுத்து இருக்கிறது.

திருப்பூரைச் சுற்றி ஒரு காலத்தில் சோளக்காடும் கொரங்காடு என்னும் மேய்ச்சல் நிலமும் இருந்தன. கொரங்காட்டைச் சுற்றிக் கிளுவை வேலி இருக்கும். மழைத்தண்ணீர் அந்த வேலியடியில் முட்டி, தயங்கி, மண்ணைப் படியவிட்டு மெதுவாகத்தான் அடுத்த காட்டுக்குப் போகும். இப்போது அதே இடத்தில் ஷீட் கூரை போட்ட குடோன், சிமென்ட் தளம், தார் ரோடு, லைன் வீடுகள். பத்துச் சொட்டு விழுந்தால் மூன்று சொட்டு ஓடிய நிலத்தில் இன்று ஏழு சொட்டு ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம்.

கணக்கு புரிவதற்காக ஒரு கற்பனைப் பள்ளத்தை எடுத்துக்கொள்கிறேன். கொங்குப் பக்கம் ஓடையைப் பள்ளம் என்போம். அதற்குத் தண்ணீர் வடிந்து வரும் நிலம் 10 சதுர கிலோமீட்டர். ஒரு மணி நேரத்தில் 5 செ.மீ. மழை. முன்பு பத்தில் மூன்று பங்கு ஓடியபோது பள்ளத்துக்கு வந்தது நொடிக்குச் சுமார் 1,470 கன அடி. இன்று ஏழு பங்கு ஓடினால் சுமார் 3,430 கன அடி. பள்ளம் அன்றைக்கு 50 அடி அகலம், 7 அடி ஆழம், தண்ணீரின் வேகம் நொடிக்கு 6 அடி என்றால் அது தாங்கும் அளவு 2,100 கன அடி. மழைத்தண்ணீர் வந்தது தெரியாமல் போயிருக்கும். இரு கரையிலும் வீடும் ஷெட்டும் நகர்ந்து நகர்ந்து வந்து அகலம் 16 அடியாகிவிட்டால், தாங்கும் அளவு 672 கன அடி. வரும் தண்ணீர் இரு மடங்குக்கு மேல் கூடியிருக்கிறது, போகும் வழி மூன்றில் ஒன்றாகிவிட்டது. நிஜத்தில் மழை இப்படி ஒரே சீராகப் பெய்யாது, தண்ணீர் எல்லாம் ஒரே நேரத்தில் வந்து சேராது, பொறியாளர்கள் இதைவிட நுணுக்கமாகக் கணக்குப் போடுவார்கள். ஆனால் விடை போகும் திசை இதுதான்.

இந்த இடத்தில்தான் சுவர் வருகிறது. எந்த ஊரில் வெள்ளம் வந்தாலும் மறுவருஷம் முதலில் எழுவது தடுப்புச் சுவர். கண்ணுக்குத் தெரியும், டெண்டர் விடலாம், திறப்பு விழா வைக்கலாம். திருப்பூரிலும் பள்ளங்களின் பல பகுதிகளில் கான்கிரீட் சுவர் ஏறியிருக்கிறது, நொய்யல் ஆற்றங்கரையில் சாலை வந்திருக்கிறது. சுவர் வேண்டாம் என்று யாரும் சொல்லமாட்டார்கள். மண் கரையை அரிப்பிலிருந்து காக்கும், ஆக்கிரமிப்பு இன்னும் உள்ளே வராமல் ஒரு கோடு போடும். ஆனால் அதே கற்பனைப் பள்ளத்தில் 16 அடி அகலத்துக்குள் 3,430 கன அடியை அடக்க வேண்டுமென்றால், அதே வேகத்தில் தண்ணீர் 36 அடி ஆழத்துக்கு நிற்க வேண்டும். வழவழப்பான கான்கிரீட்டில் வேகம் இரு மடங்கானாலும் 18 அடி. இரண்டு மாடி உயரத்துக்குச் சுவர் கட்டினால்தான் உண்டு. அப்படிக் கட்டினாலும் அந்த வேகத் தண்ணீர் சுவர் முடியும் இடத்தில் யார் வீட்டு வாசலில் போய் விழும் என்ற கேள்வி மிச்சமிருக்கும்.

சுவரை நம்பிய ஊர்களில் உலகம் அதிகம் படித்த பாடம் அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ். 2005 ஆகஸ்ட் 29-இல் கத்ரீனா புயல் வந்தபோது அந்நகரின் ஏறக்குறைய 80 சதவீதம் தண்ணீரில் மூழ்கியது. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு: சில இடங்களில் தண்ணீர் சுவருக்கு மேல் ஏறி வழியவே இல்லை. பதினேழாம் தெருக் கால்வாயில் சுவரின் உச்சியைத் தண்ணீர் தொடும் முன்பே, அடியிலிருந்த இளகிய மண் நழுவிச் சுவர் சாய்ந்தது. உயரம் போதாமல் போனது வேறு இடங்களில். இங்கே தவறியது அஸ்திவாரம். அரசின் ராணுவப் பொறியாளர் படையே பிறகு வடிவமைப்பில் குறை இருந்ததை ஒப்புக்கொண்டது. அதன்பின் 1,450 கோடி டாலர் செலவில் எல்லாவற்றையும் புதிதாகக் கட்டினார்கள். கடலிலிருந்து எழும்பி வரும் அலையை நகருக்கு வெளியிலேயே மறிக்க ஏறக்குறைய 3 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரே தடுப்பரண், பிரம்மாண்டமான பம்ப் நிலையங்கள், கால்வாய் வாய்களில் மதகுகள்.

பரீட்சையும் வந்தது. 2021-இல் அதே ஆகஸ்ட் 29-இல் ஐடா புயல் அடித்தது. புதிய அரணுக்குள் இருந்த நகரம் தப்பியது. அரணுக்கு வெளியே இருந்த லாப்ளேஸ் என்ற ஊர் மூழ்கியது. அந்த அரணும் சும்மா நின்றுகொண்டிருக்கவில்லை. அங்குள்ள மண் அமுங்கிக்கொண்டே போகிறது, கடல் மட்டம் ஏறிக்கொண்டே வருகிறது, ஆகவே கரைகளை மேலும் உயர்த்தாவிட்டால் இன்னும் சில ஆண்டுகளில் போதாமல் போகும் என்று பணி முழுதாக முடியும் தறுவாயிலேயே, 2019-இல், பொறியாளர்கள் எச்சரித்தார்கள். வெள்ளக் காப்பு கட்டி முடித்துவிட்டுப் போகிற வேலை கிடையாது என்பது இதில் தெரிகிறது. நம் ஊரில் கட்டுவதற்குத் தலைப்பு ஒதுக்கி நிதி வரும். பராமரிப்புக்கு வருவது கை மண்ணளவு.

நியூ ஆர்லியன்ஸில் நமக்கு நேராகப் பொருந்தும் பாகம் அந்தக் கால்வாய் வாய்கள். நகரின் மழைத்தண்ணீரைப் பக்கத்து ஏரிக்குக் கொண்டுபோக வெட்டிய கால்வாய்கள் அவை. புயலில் ஏரி உயர்ந்ததும் தண்ணீர் அதே கால்வாய் வழியாகத் திரும்பி நகருக்குள் ஏறியது. வடிகாலே வரத்துவாய்க்காலாகிப் போனது. திருப்பூரில் பள்ளங்கள் நொய்யலில் கலக்கும் இடங்களை இதோடு வைத்துப் பாருங்கள். நொய்யலில் தண்ணீர் குறைவாக இருந்தால் பள்ளம் தாராளமாக இறங்கும். ஆறும் நிரம்பி ஓடினால் பள்ளத்துத் தண்ணீருக்குப் போக்கிடம் இல்லை. வந்த வழியே பின்னுக்கு நிற்கும், கரையோரச் சாக்கடைகள் வழியாக எதிர்த்து ஏறும், ஆறு தெரியாத தெருவில்கூட கழிவறைக் குழி வழியாகத் தண்ணீர் பொங்கும். சுவரை எவ்வளவு உயர்த்தினாலும் சுவரடியில் விட்டிருக்கும் சாக்கடைக் குழாய் இந்த வேலையைச் செய்துவிடும். அந்தக் குழாய் வாயில் ஒருபக்கம் மட்டும் திறக்கும் இரும்பு மூடி போட்டால் போதும்: உள்ளிருந்து தண்ணீர் வந்தால் தள்ளித் திறக்கும், ஆற்றிலிருந்து வந்தால் அழுந்தி மூடிக்கொள்ளும். பெரிய செலவில்லை. துரு பிடிக்காமல், குப்பை சிக்காமல் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டும், அவ்வளவுதான்.

குப்பை என்றதும் திருப்பூருக்கே உரிய ஒன்றைச் சொல்லியாக வேண்டும். கட்டிங் டேபிளில் விழும் வெள்ளைப் பனியன் வேஸ்டுக்கு நல்ல விலை உண்டு. நூலாக்கவும் மிஷின் துடைக்கவும் வாங்கிப் போக ஆள் வரிசையில் நிற்பார்கள். விலை போகாத மிச்சம்தான் பிரச்சினை: பிரிண்ட் ஒட்டிய துண்டு, கலப்பு நூல் துணி, எலாஸ்டிக் நறுக்கு, லேபிள் சுருள், பாலி கவர். இதில் கொஞ்சம் ராத்திரியோடு ராத்திரியாகப் பள்ளத்துக்குப் போய்விடுகிறது. நிட்டிங் துணிக்கு ஒரு குணம். நனைந்தால் நீளும், இழுத்தால் சுருண்டு கயிறாகும். பாலத்தடியில் துருத்திக்கொண்டிருக்கும் ஒரு கம்பியில் முதல் துண்டு மாட்டும். அதில் அடுத்தது சுற்றிக்கொள்ளும். பாலி கவர் வந்து அந்த வலையின் ஓட்டையை அடைக்கும், தென்னை மட்டை ஒன்று குறுக்கே விழும், அதன் மேல் வண்டல் படியும். மழைக்கு முன் பார்த்தால் பாலத்தடியில் ஏதோ அழுக்கு மூட்டை தொங்குவது போலத்தான் இருக்கும். மழையன்று அதுவே ஒரு தடுப்பணை. பாலத்தின் கண் எத்தனை அடி அகலம் என்று வரைபடத்தில் இருப்பது ஒரு கணக்கு. ஐப்பசி மாதம் பிறக்கும்போது அந்தக் கண்ணில் எத்தனை அடி திறந்திருக்கிறது என்பது இன்னொரு கணக்கு. வெள்ளம் இரண்டாவதை மட்டுமே பார்க்கும். என்னைக் கேட்டால், புதுச் சுவருக்கு ஒதுக்கும் பணத்தில் ஒரு பங்கை எடுத்து ஒவ்வொரு புரட்டாசியிலும் எல்லாப் பாலக் கண்களையும் சுத்தம் செய்து, செய்ததைப் படம் பிடித்துப் பொதுவில் ஒட்டினால் பாதி ஊர் நிம்மதியாகத் தூங்கும்.

பொறியாளர்கள் வாயில் அடிக்கடி வரும் ‘நூறாண்டு வெள்ளம்’ பற்றியும் ஒரு வார்த்தை. நூறு வருஷத்துக்கு ஒருமுறைதான் வரும் என்று பொருள் கொண்டுவிடுகிறோம். 2011-இல் வந்துவிட்டது, இனி 2111-இல்தான் என்று. அந்தச் சொல்லின் பொருள் வேறு: எந்த ஒரு வருஷத்திலும் அது வருவதற்கு நூறில் ஒரு வாய்ப்பு உண்டு, போன வருஷம் வந்ததா இல்லையா என்பது கணக்கில் சேராது. முப்பது வருஷத் தவணையில் வீடு வாங்குகிறீர்கள் என்றால், கடன் அடைபடும் முன் அப்படி ஒரு வெள்ளத்தைப் பார்க்கும் வாய்ப்பு ஏறக்குறைய 26 சதவீதம். நாலில் ஒன்று. பழைய மழைக் கணக்கை வைத்துப் போட்ட நூறாண்டு அளவு, ஒரே நாளில் 50 செ.மீ. கொட்டும் காலத்தில் செல்லுமா என்பது அதற்கும் மேலே நிற்கும் சந்தேகம்.

சரி, சுவரை மட்டும் நம்ப முடியாதென்றால் எதைத் திருப்பிக் கட்டுவது? நொய்யலுக்கு ஏற்கெனவே ஒரு வெள்ளக் காப்பு இருந்தது. வெள்ளியங்கிரி மலையில் பிறந்து கோவை, திருப்பூர், ஈரோடு, கரூர் மாவட்டங்கள் வழியாகச் சுமார் 180 கிலோமீட்டர் ஓடிக் காவிரியில் சேரும் ஆறு இது. வழியெங்கும் சிறு சிறு அணைக்கட்டுகள். சித்திரைச்சாவடியில் தொடங்கி ஒவ்வொரு அணைக்கட்டும் ஆற்றுத் தண்ணீரில் ஒரு பங்கை வாய்க்காலில் திருப்பும், வாய்க்கால் குளத்தை நிரப்பும், குளம் நிரம்பினால் மிச்சம் அடுத்த குளத்துக்கோ மீண்டும் ஆற்றுக்கோ போகும். பாசனத்துக்காக அமைத்தது என்றாலும் அதற்கு இன்னொரு பலன் உண்டு. மலையில் கொட்டிய மழை ஒரே வீச்சாகக் கீழே வராது. ஒவ்வொரு குளமும் கொஞ்சம் பிடித்து வைத்துக்கொள்ளும், உச்ச வெள்ளம் தணிந்து, நேரம் பிந்தி வரும். வெள்ளத்தில் ஆளைக் கொல்வது மொத்தத் தண்ணீரின் அளவைவிட அது எவ்வளவு வேகமாக ஒன்று சேருகிறது என்பதுதான். குளங்கள் தூர்ந்து, வாய்க்கால்கள் சாக்கடையாகி, பள்ளங்கள் குறுகியபோது இந்தத் தாமதம் போய்விட்டது.

சுவர் கட்டுவதில் உலகத்துக்கே ஆசான்களான நெதர்லாந்துக்காரர்கள் 1995-இல் இரண்டரை லட்சம் பேரை வெளியேற்ற நேர்ந்த பிறகு இந்தப் பக்கம் வந்து சேர்ந்தார்கள். ஆற்றுக்கு இடம் விடுவது என்று ஒரு திட்டம் போட்டு, 230 கோடி யூரோ செலவில், முப்பதுக்கும் மேற்பட்ட இடங்களில் கரையைப் பின்னால் தள்ளினார்கள், வெள்ளச் சமவெளியைத் தோண்டித் தாழ்த்தினார்கள். நைமேகன் என்ற ஊரில் வால் ஆற்றின் கரையை 350 மீட்டர் பின்னுக்கு நகர்த்தினார்கள். அங்கிருந்த வீடுகளைக் காலி செய்யவேண்டி வந்தது. பேச்சுவார்த்தை வருஷக்கணக்கில் நடந்தது.

நம் சிக்கல் அங்கேதான். பள்ளத்தோரம் குடியிருப்பது யாருக்கும் விருப்பமில்லை. "வாடக கட்டுபடியாகுதுங்க, கம்பெனிக்கு நடந்தே போயிக்கலாம்" என்பதுதான் அங்கே எவரைக் கேட்டாலும் வரும் பதில். தென் மாவட்டங்களிலிருந்து வந்தவர்கள், பிறகு பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்தவர்கள் எல்லோருக்கும் இந்த ஊர் கொடுத்த முதல் முகவரி லைன் வீடு, அதிலும் மலிவானது பள்ளத்தோரம். 2011-க்குப் பின் கரையோரக் குடும்பங்களைக் குடிசை மாற்று வாரிய அடுக்குமாடிகளுக்கு மாற்றும் வேலை நடந்தது. 2021-இலிருந்து அந்த வாரியத்தின் பெயர் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம். மாற்றியது சரி. ஆனால் ஷிப்ட் முடிந்து இரவு வீடு திரும்பும் பெண்ணுக்குக் கடைசி பஸ் இல்லாத இடத்தில் வீடு கொடுத்தால், ஒரு வருஷத்தில் அந்த வீட்டை உள்வாடகைக்கு விட்டுவிட்டு அவர் மறுபடி பள்ளத்தோரம் வந்துவிடுவார். காலியான கரையில் அன்றே மரம் வைத்து வேலி போடாவிட்டால் புதிதாக ஒருவர் ஷீட் போட்டிருப்பார். பஸ் ரூட் போடுவதும் வெள்ளத் தடுப்பு வேலைதான் என்று எந்தத் திட்ட அறிக்கையும் எழுதுவதில்லை. ஆக்கிரமிப்பு என்றதும் குடிசைகளை மட்டும் எண்ணுவதும் ஒரு வழக்கமாகிவிட்டது. பள்ளத்தின் மேல் தூண் எழுப்பிய குடோனும் பின்பக்கச் சுவரைப் பள்ளத்துக்குள் இறக்கிய கட்டடமும் அதே அளவு தண்ணீரைத்தான் மறிக்கின்றன.

திருப்பூர் வெள்ளத்துக்கு வேறு ஊர் வெள்ளத்துக்கு இல்லாத நிறமும் மணமும் உண்டு. பாசனத்துக்கென்று 1992-இல் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை சாயக் கழிவின் தொட்டியாகி, அந்தத் தண்ணீர் எங்களுக்கு வேண்டாம் என்று விவசாயிகளே நீதிமன்றம் போன வரலாறு நாடறிந்தது. 2011 உத்தரவுக்குப் பின் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் எதிர்ச் சவ்வூடு பரவல், ஆவியாக்கி என்று மாறின; உப்பையும் தண்ணீரையும் மீட்டுத் திரும்பப் பயன்படுத்துகிறார்கள். மழைக்காலத்தில் நொய்யலில் நுரை பொங்குவது மட்டும் முழுதாக நின்றபாடில்லை. 2017-இல் அந்த நுரைக்குக் காரணம் ஜனங்கள் சோப்புப் போட்டுக் குளிப்பதுதான் என்று அப்போதைய சுற்றுச்சூழல் அமைச்சர் சொன்னதை ஊர் இன்னும் மறக்கவில்லை. இங்கே விஷயம் இதுதான்: சாயப்பட்டறையின் சேகரிப்புத் தொட்டி, உப்புக் கரைசல் தொட்டி, கசடு கொட்டும் இடம் எல்லாம் வெள்ள மட்டத்துக்கு மேலே இருக்கின்றனவா என்று பார்ப்பதும் வெள்ளக் காப்பின் ஒரு பாகம். தொட்டி விளிம்பைத் தாண்டி வெள்ளம் ஏறினால், வருஷம் முழுக்கக் காசைக் கொட்டிச் சுத்திகரித்தது ஓர் இரவில் ஆற்றில் கலந்து கீழே சென்னிமலைப் பக்கத்துக் கிணறுகளுக்குப் போகும்.

சிறிய பனியன் கம்பெனி வைத்திருப்பவர் செய்துகொள்ளக்கூடியது கொஞ்சம் உண்டு. கரண்ட் பேனலைத் தரையிலிருந்து இடுப்பளவு உயரத்துக்கு ஏற்றுங்கள். துணி ரோலைத் தரையில் அடுக்காமல் பலகைமேல் அடுக்குங்கள்; நனைந்த ரோல் அடியில் ஒன்றுதான் என்றாலும் ஈரத்தை மேலே உறிஞ்சி அடுக்கையே கறையாக்கும். நிட்டிங் மிஷினின் ஊசிகளில் ஒரு முறை சேற்றுத் தண்ணீர் ஏறினால் செட் முழுக்க மாற்ற வேண்டிவரும். இன்சூரன்ஸ் எடுத்தவர்கள் பாலிசியைப் பிரித்துப் படியுங்கள். 5 கோடி ரூபாய்வரை மதிப்புள்ள சிறு தொழில்களுக்கு 2021 ஏப்ரலிலிருந்து ‘பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா’ என்ற பொதுப் பாலிசி இருக்கிறது, வெள்ள சேதம் அதில் அடங்கும். ஆனால் ஜாப் ஒர்க்குக்கு வந்த துணி உங்களுடையது கிடையாது. பிறர் சரக்கு நம்மிடம் இருப்பதும் காப்பீட்டில் சேர்ந்திருக்கிறதா என்று ஏஜென்டிடம் கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். நஷ்ட ஈடு கேட்கும் நாளில்தான் பலருக்கு இந்த விவரம் தெரியவருகிறது.

எச்சரிக்கை இன்னொன்று. பெரிய ஆற்று வெள்ளம் மேலிருந்து வந்து சேரப் பல மணி நேரம் எடுக்கும். யாராவது போன் செய்துவிடுவார்கள். சிறு பள்ளத்தில் மழை வலுத்ததற்கும் தண்ணீர் ஏறுவதற்கும் இடையே ஒரு மணி நேரம்கூட இருக்காது. வானிலை மையத்தின் மாவட்ட அளவிலான ஆரஞ்சு, சிவப்பு எச்சரிக்கையால் எந்தப் பள்ளம் எப்போது ஏறும் என்று சொல்ல முடியாது. பாலத்துத் தூணில் அடிக்கணக்கில் கோடு போட்டு, சிவப்புக் கோட்டைத் தண்ணீர் தொட்டால் சங்கு ஊதுவது பழைய முறை, இன்றும் வேலை செய்யும். ராத்திரி ஷிப்ட் ஓடும் ஊரில் விழித்திருக்கும் வாட்ச்மேன்களுக்கா பஞ்சம்?

கடைசியாக ஒரு புதுச் சிக்கல், நல்ல காரியத்திலிருந்து பிறந்தது. அறுபது ஆண்டுக்கும் மேலாகக் கேட்டுக் கேட்டு அலுத்த அத்திக்கடவு–அவிநாசித் திட்டம் 2024 ஆகஸ்ட் 17-இல் தொடங்கிவைக்கப்பட்டது. பவானியில் காலிங்கராயன் அணைக்கட்டுக்குக் கீழே மிகையாகப் போகும் ஒன்றரை டி.எம்.சி. தண்ணீரை எடுத்து, பம்ப் செய்து, கோவை, திருப்பூர், ஈரோடு மாவட்டங்களில் 1,045 ஏரி, குளம், குட்டைகளுக்குக் குழாய் வழியாகக் கொடுக்கிறார்கள். வறண்டு கிடந்த குளத்தில் தண்ணீர் பார்த்தவர்களின் சந்தோஷத்தை அவிநாசிப் பக்கம் போனால் இன்றும் பார்க்கலாம். அதே ஆகஸ்டில்தான் நல்லாற்றுத் தண்ணீரைப் பெறும் நஞ்சராயன் குளத்துக்கு ஈரநிலங்களுக்கான ராம்சர் அங்கீகாரம் கிடைத்தது. 2022-இலேயே அது பறவைகள் சரணாலயம். பறவைகளின் புண்ணியத்தில் அந்தக் குளத்தை இனி யாரும் மண் போட்டு மேடாக்க முடியாது. வெள்ளத் தண்ணீர் நிற்கவும் அந்த இடம் அப்படியே தப்பியது.

சிக்கல் இதுதான்: பவானியில் மிகைநீர் வருவது தென்மேற்குப் பருவமழையில். குளங்கள் ஆவணி, புரட்டாசிக்குள் நிரம்பும். திருப்பூருக்குக் கனமழை வருவது ஐப்பசி, கார்த்திகையில். நிரம்பிய குளத்தில் வெள்ளத்தைப் பிடித்துவைக்க இடமிருக்காது, விழுந்த தண்ணீர் விழுந்தபடியே கலிங்கில் வழியும். பல குட்டைகளில் தண்ணீர் சில வாரங்களிலேயே நிலத்துக்குள் இறங்கிவிடும் என்பதால் எல்லா இடத்திலும் இந்தக் கவலை இல்லை. அடி மண் இறுகிய குளங்கள், ஊருக்கு நேர் மேலே இருக்கும் குளங்கள், பள்ளங்களின் தலைமாட்டில் இருக்கும் குளங்கள் இவற்றில் உண்டு. அணைகளுக்கு எந்த மாதம் எந்த மட்டம் வரை நிரப்பலாம் என்று விதி எழுதி வைத்திருக்கிறார்கள். இந்தக் குளங்களுக்கும் ஐப்பசி முதல் தேதியில் கலிங்குக்குக் கீழே எத்தனை அடி காலி விடவேண்டும் என்று ஒரு விதி வேண்டியிருக்கும். அந்த விதியை எழுதுவது பொதுப்பணி வழியில் வந்த நீர்வளத் துறையா, மாநகராட்சியா, ஊராட்சியா என்பதை முதலில் தீர்க்க வேண்டும். தண்ணீருக்கு அறுபது வருஷம் காத்திருந்த விவசாயியிடம் போய் இரண்டடி தண்ணீரைத் திறந்துவிடுங்கள் என்று சொல்லப்போகும் அதிகாரி யார் என்பதையும்.